கையால் அடித்த உலோக முனையை மர அம்பில் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும் கடைசல் முனைகளின் உட்குழிவு எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருக்கும். ஐந்து பாகைச் சரிவு என்பது அவற்றுக்கான வழக்கமான தரம். அதே சரிவில் தண்டின் நுனியைச் சீவித் தரும் சிறு கருவியும் அதே கடையில் விற்கிறது. தண்டைச் செருகி நாலு சுற்றுச் சுற்றினால் வேலை முடிந்துவிடும். கொல்லர் உலையில் காய்ச்சி அடித்த முனைக்கு அந்தக் கருவி உதவாது. ஒரே கை, ஒரே நாளில், ஒரே கம்பியில் அடித்த பத்து முனைகளை எடுத்து உள்ளே பாருங்கள். ஒன்றின் வாய் வட்டமாக இருக்கும், இன்னொன்றின் வாய் முட்டை வடிவில் இருக்கும். ஒன்றில் ஆழம் 22 மில்லிமீட்டர் என்றால் அடுத்ததில் 26 இருக்கும். தண்டு நுழையும் குழலாக மடித்த தகட்டின் விளிம்பு சிலவற்றில் உள்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆகவே மரத்தை முனைக்கு முனை தனித்தனியாகச் செதுக்கியாக வேண்டும். எந்தப் பசை நல்லது என்பதுதான் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. இலக்கில் மோதும் நொடியில் முனை பின்னோக்கித் தள்ளப்பட்டு மரத்தோடு இன்னும் இறுகுகிறது. அப்போது பசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அடியைத் தாங்குவது மரமும் உலோகமும் ஒன்றையொன்று தொடும் பரப்புதான். இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்கும்போதுதான் பசை முனையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பொருத்தம் சரியாக இல்லாத முனையை உலகின் எந்தப் பசையும் நேராக நிறுத்தாது.

பழைய அம்புகளில் இந்த இணைப்பை முழுசாகப் பார்ப்பது அரிது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா நடத்திய அகழாய்வில் இரும்பு அம்பு முனைகள் கிடைத்தன. அவற்றைத் தாங்கிய தண்டுகள் மட்கிப் போயிருந்தன. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் இதற்கு நேர்மாறு. ஆயிரக்கணக்கான மர அம்புகள் சேற்றுக்குள் நன்றாக இருந்தன, இரும்பு முனைகள்தான் கடல்நீரில் அரித்துப் போய்விட்டன. ஆனால் முனை ஏறுவதற்காகக் கூம்பாகச் சீவிய தண்டு நுனிகள் அப்படியே இருக்கின்றன. நாம் செய்யப்போகும் வேலையும் அதேதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. இங்கே சொல்வதெல்லாம் வைக்கோல் அல்லது நுரை இலக்கில் எய்வதற்கும், பழங்கால அம்புகளை மறுபடி செய்து பார்ப்பதற்கும்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். மேலும், அகன்ற தகட்டு முனைகள் சங்கத்து மைதானங்களின் நுரை இலக்குகளைக் கிழித்துவிடும் என்பதால் அவற்றை அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம்.

முனை எந்த வகை?

கையால் செய்த முனைகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பின்பகுதி புனல் போல உருட்டப்பட்டு, அதற்குள் தண்டு நுழையும் குழல் முனை. இரண்டாவது, பின்பகுதியில் ஆணி போல நீண்ட வால் இருந்து, அது தண்டுக்குள் நுழையும் வால் முனை. மூன்றாவது, தகட்டில் வெட்டி எடுத்து, தண்டின் நுனியைப் பிளந்து செருகிக் கட்டும் தகட்டு முனை. வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் பீப்பாய் வளையங்களின் இரும்பில் வெட்டிய முனைகள் இந்த மூன்றாவது வகை. ஜப்பானிய அம்புகளில் நீண்ட வால் மூங்கிலின் உள்ளே இறங்கும். மேரி ரோஸ் அம்புகள் குழல் முனைக்காகச் சீவப்பட்டவை.

மரத் தண்டுக்கு எது ஏற்றது என்று கேட்டால் குழல் முனையைத்தான் சொல்வேன். குழல் மரத்தை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கிறது. உலக்கைக்குப் பூண் செய்யும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. வால் முனை உள்ளிருந்து ஆப்பு போல மரத்தைப் பிளக்கப் பார்க்கும், அதைத் தடுக்கத் தனியே கட்டுப் போட வேண்டும். இந்த வழிகாட்டியில் குழல் முனைக்கே அதிக இடம். மற்ற இரண்டையும் பிறகு பார்ப்போம்.

முனையைத் தயார் செய்தல்

உலையிலிருந்து வந்த முனையின் குழலுக்குள் கருஞ்செதில் படிந்திருக்கும். அது இரும்போடு இறுகப் பிடித்திருப்பதாகத் தோன்றினாலும் அடி விழும்போது பொடியாக உதிரும். செதிலின் மேல் ஒட்டிய பசையும் சேர்ந்து உதிர்ந்துவிடும். மெல்லிய குச்சியில் 80 எண் உப்புத்தாளைச் சுற்றி, குழலுக்குள் விட்டுத் திருகித் திருகித் தேயுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிய வேண்டும். வழவழப்பாக்க வேண்டாம், கீறல்கள் இருந்தால்தான் பசை பிடிக்கும்.

மடிப்பு விளிம்பு உள்ளே துருத்தியிருந்தால் சிறிய வட்ட அரத்தால் அதை மட்டும் ராவி எடுங்கள். குழலின் வாய் முட்டை வடிவில் இருந்தால், கூம்பாகக் கடைந்த எஃகுத் துண்டு ஒன்றை உள்ளே விட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி வட்டமாக்கலாம். கடினப்படுத்திய முனையானால் நுனிப் பக்கம் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பட்டென்று உடையும்.

பிறகு எண்ணெய். கொல்லர்கள் துருப் பிடிக்காமல் இருக்க முனைகளை எண்ணெயில் தோய்த்துத் தருவது வழக்கம். பசைக்கு எண்ணெய்தான் முதல் எதிரி. பஞ்சில் அசிட்டோனை நனைத்து உள்ளே இரண்டு முறை துடையுங்கள். அசிட்டோன் கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போதும். ஆனால் உடனே அடுப்பின் சூட்டில் நன்றாகக் காயவைத்துவிட வேண்டும். இதற்குப் பிறகு குழலுக்குள் விரல் படக் கூடாது.

இப்போது எடை. கால் கிராம் அளவுக்காவது துல்லியமாகக் காட்டும் சிறு மின்தராசு ஒன்று வேண்டும். வில்வித்தையில் முனையின் எடையை கிரெயின் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிராம் என்பது சுமார் 15.4 கிரெயின், வழக்கமான 125 கிரெயின் முனை 8.1 கிராம் இருக்கும். கையால் அடித்தவற்றில் ஒன்றுக்கொன்று ஒரு கிராமுக்கு மேல் வேறுபாடு இருப்பது சாதாரணம். முனை கனத்தால் எய்யும்போது தண்டு அதிகமாக வளையும், அம்பு வேறு இடத்தில் போய் விழும். எனவே ஒரே கூட்டில் வைக்கும் அம்புகளின் முனைகள் அரை கிராம் இடைவெளிக்குள் இருக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள். கனமானதைக் குறைக்க வேண்டுமென்றால் குழலின் வெளிச்சுவரில் ராவுங்கள், நுனியில் கைவைக்க வேண்டாம். எண்ணெய்ப் பேனாவால் ஒவ்வொரு முனையிலும் ஓர் எண் எழுதி வையுங்கள். இனி அந்த முனைக்கென்று ஒரு தண்டு இருக்கப் போகிறது, இரண்டும் மாறிவிடக் கூடாது.

தண்டைத் தேர்ந்தெடுத்தல்

தண்டுகளின் விட்டம் பொதுவாக 5/16 அங்குலம் (7.9 மி.மீ.), 11/32 அங்குலம் (8.7 மி.மீ.), 23/64 அங்குலம் (9.1 மி.மீ.) என்ற அளவுகளில் கிடைக்கும். குழல் வாயின் வெளிவிட்டம் தண்டின் விட்டத்துக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருப்பது நல்லது. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவரோடு, வெளிவிட்டம் 10 மி.மீ. உள்ள குழலின் உள்வாய் 8 மி.மீ. இருக்கும். அதற்கு 9.1 மி.மீ. தண்டு பொருத்தம்.

மரம் எதுவானாலும் ரேகை நுனி முதல் அடி வரை ஓட வேண்டும். பக்கவாட்டில் வழிந்து வெளியேறும் ரேகை உள்ள தண்டு ஒருநாள் அந்த இடத்தில்தான் பிளக்கும். முனை ஏறப்போகும் முன்பக்கத்தின் கடைசி 15 சென்டிமீட்டரில் கணுவோ ரேகை விலகலோ இருந்தால் அந்தத் தண்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக வைக்க முடியுமா என்று பாருங்கள். இரு பக்கமும் சரியில்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

மரம் காய்ந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைப் பலரும் உணர்வதில்லை. ஈரப்பதத்தை உறிஞ்சிய மரம் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் பெரிய மாற்றம் இருக்காது. கடலோர ஊரில், ஐப்பசி மழையில் உப்பியிருக்கும் தண்டில் முனையைக் கச்சிதமாகப் பொருத்தினால் சித்திரையில் அது ஆடும். தண்டுகளை வீட்டுக்குள் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் சில வாரங்கள் படுக்கவைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். தண்டு நேராக இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டினால் வளைவு உள்ள இடத்தில் அடியில் வெளிச்சம் தெரியும். அந்த இடத்தைச் சற்றுச் சூடாக்கி, கையால் எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். வளைந்த தண்டில் முனையை எப்படி நேராக ஏற்ற முடியும்?

கூம்பைச் செதுக்குதல்

மெல்லிய குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயின் விளிம்பில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்தால் ஆழம் கிடைக்கும். அதை அப்படியே தண்டின் நுனியிலிருந்து அளந்து, அந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நாடாவின் விளிம்புதான் எல்லைக்கோடு. கத்தியால் வட்டமாகக் கீறிக் கோடு போட வேண்டாம். எத்தனை மெல்லிய கீறலானாலும் மரத்தின் நார்களை அது அறுத்துவிடும், தண்டு பிற்பாடு முறிவதும் அங்கேயே.

நுனியில் குழலின் உள்முனை எவ்வளவு அகலமோ அந்த அளவுக்கு ஒரு சிறு வட்டம் போடுங்கள். அந்த வட்டம் தண்டின் நடுவில் இருக்க வேண்டும். இனி எல்லைக்கோட்டிலிருந்து அந்த வட்டம் வரை சரிவாகச் சீவ வேண்டும். எடுத்த எடுப்பில் வட்டமாகச் சீவ முயன்றால் கூம்பு ஒருபக்கம் சாயும். முதலில் நான்கு பக்கமும் சமமாகச் சீவிச் சதுரக் கூம்பாக்குங்கள். பிறகு நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை, அவற்றின் மூலைகளையும் சீவினால் பதினாறு. அதற்குப் பிறகுதான் அரமும் உப்புத்தாளும். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாப் பட்டைகளும் ஒரே அகலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பட்டை அகன்றால் அந்தப் பக்கம் அதிகம் சீவிவிட்டீர்கள் என்று பொருள். கத்தி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும், எப்போதும் தண்டின் நடுவிலிருந்து நுனியை நோக்கியே ஓட வேண்டும்.

குழலின் உள்ளளவுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும்போதே கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். மீதி வேலைக்கு விளக்குக் கரி போதும். எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே குழலின் வாயைப் பிடித்தால் உள்சுவரில் மெல்லிய கரி படியும். ஆறிய பிறகு கூம்பைச் செருகி, கால் சுற்று மட்டும் திருகி, நேராக வெளியே எடுங்கள். மரத்தில் கறுத்திருக்கும் இடங்கள்தான் உலோகத்தைத் தொடுகின்றன. முதல் தடவை இரண்டு மூன்று புள்ளிகளும் மடிப்பு விளிம்பின் நீளக் கோடும் மட்டும் தெரியும். கறுத்த இடத்தை மட்டும் அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி செருகுங்கள், திருகுங்கள், எடுங்கள். கறுப்பு ஒவ்வொரு தடவையும் பரவிக்கொண்டே போகும். கூம்பின் பரப்பில் முக்கால்வாசி கறுத்துவிட்டால் பொருத்தம் வந்துவிட்டது. பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நீங்கள் அக்கறையோடு செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். முடிந்ததும் குழலுக்குள் மிச்சமிருக்கும் கரியை அசிட்டோன் பஞ்சால் துடைத்துவிடுங்கள், மரத்தில் படிந்த கரியை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து எடுங்கள்.

கூம்பின் நுனியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தட்டையாக வெட்டிவிட வேண்டும். நுனி முதலில் போய் அடியில் முட்டினால் சுவர்கள் தொடாமல் நின்றுவிடும். முழு அடியும் அந்தச் சிறு நுனியில் விழுந்து மரம் நசுங்கும். நசுங்கிய பிறகு முனை ஆடத் தொடங்கும்.

எல்லைக்கோட்டில் கூம்பு தண்டோடு சேரும் இடத்தைச் செங்குத்துப் படியாக விடாமல், உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து அதன் விளிம்பு மழுங்கச் செய்யுங்கள். குழல் வாயின் உள்விளிம்பையும் அரத்தால் சற்று மழுக்குங்கள். அம்பு பக்கவாட்டில் சாய்ந்து மோதும்போது தண்டு முழுவதும் அந்த விளிம்பை ஊன்றித்தான் வளைகிறது. கூரான உள்விளிம்பு மரத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். வெளிவிளிம்பு தண்டைவிடத் துருத்தியிருந்தால் அதையும் சரிவாக ராவிவிடுங்கள். இல்லையென்றால் பிடுங்கும்போது இலக்கில் மாட்டிக்கொண்டு முனை மட்டும் உள்ளே தங்கிவிடும்.

நேராக இருக்கிறதா?

பசை போடுவதற்கு முன் முனையைச் செருகி, அம்பின் நுனியைக் கண்ணாடி மேலோ கடினமான மரப்பலகை மேலோ ஊன்றி, மறுநுனியை விரல்களால் சுழற்றுங்கள். முனை நேராக இருந்தால் அம்பு அசையாமல் சுழலும். கோணலாக இருந்தால் விரல்களில் அதிர்வு தெரியும்.

அதிர்ந்தால் குற்றம் யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தண்டில் பென்சிலால் புள்ளி வையுங்கள். பிறகு முனையை மட்டும் கால் சுற்றுத் திருப்பிச் செருகி மீண்டும் சுழற்றுங்கள். சாய்வும் முனையோடு சேர்ந்து இடம் மாறினால் முனைதான் கோணல். குழலின் அச்சும் கூரின் அச்சும் ஒன்றாக இல்லை. சாய்வு பென்சில் புள்ளியிலேயே நின்றால் மரக்கூம்புதான் கோணல். கூம்பு கோணல் என்றால், சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வாயருகேயும் சாயும் பக்கம் நுனியருகேயும் அரத்தால் மிகச் சிறிதளவு தேய்த்து, கரிச் சோதனையைத் திரும்பவும் செய்யுங்கள். முனை கோணல் என்றால் அது கொல்லரிடம் திரும்பிப் போக வேண்டியதுதான். சிறு கோணலாக இருந்தால் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, சாய்வு மிகக் குறைவாக இருக்கும் நிலையில் குழலுக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பசை போடும்போது அந்தக் கோடுகள் சேர்ந்திருக்க வேண்டும்.

எந்தப் பசை?

மரத் தண்டு முறியும். இன்றோ அடுத்த மாதமோ, கல்லிலோ இலக்கின் சட்டத்திலோ பட்டு நிச்சயம் முறியும். ஆனால் கொல்லர் அடித்த முனை பல தண்டுகளைத் தாண்டி நிற்கும். எனவே முனையைச் சேதமில்லாமல் கழற்றித் தரும் பசைதான் எனக்கு நல்ல பசை. சூட்டில் இளகும் பசைகள் எல்லாம் இந்தத் தேவைக்குப் பொருந்துகின்றன.

நம் நாட்டில் அதற்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. தல்வார் என்ற வடஇந்திய வாளின் பிடிக்குள் அதன் வாலை நிறுத்தியது அரக்குக் கலவைதான். பொற்கொல்லர்களும் உள்ளே வெற்றிடம் உள்ள நகைகளில் அரக்கை நிரப்புகிறார்கள். நகைப் பட்டறைக்குப் பொருள் விற்கும் கடைகளில் அரக்கு கிடைக்கும். தனி அரக்கு ஆறினால் நொறுங்கும் தன்மை உடையது, அதனால் தேன்மெழுகு சிறிதும் மெல்லிதாகச் சலித்த கரித்தூளோ செங்கல் தூளோ கொஞ்சமும் கலக்க வேண்டும். அரக்கு நான்கு பங்கு, தூள் ஒரு பங்கு, மெழுகு அரைப் பங்கு என்று தொடங்குங்கள். ஆறிய துண்டை வளைத்தால் பட்டென்று உடைந்தால் மெழுகைக் கூட்டுங்கள், நகம் பதிந்தால் தூளைக் கூட்டுங்கள். பைன் மரப் பிசினையும் இதே முறையில் தயாரிக்கலாம். எதுவானாலும் நேரடித் தீயில் காய்ச்ச வேண்டாம், பிசின் தீப்பிடிக்கும். பழைய தகர டப்பாவில் போட்டு, மிகக் குறைந்த சூட்டில், திறந்தவெளியில் இளக்குங்கள். பக்கத்தில் மூடி ஒன்றை வைத்திருங்கள்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் அம்பு முனைக்கென்றே விற்கும் சூட்டுப் பசைக் குச்சி போதும். கைவினைப் பொருள்களுக்கான சாதாரண ஹாட் க்ளூ குச்சிகள் பல வெயிலில் தளர்ந்துவிடும்; அரக்குக்கும் வெயில் ஆகாது. மூடிய காருக்குள் கோடையில் அம்புகளை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

எப்பாக்ஸி எல்லாவற்றையும்விட வலிமையானது என்பது உண்மை. பொருத்தம் தளர்வாக இருக்கும்போது இடைவெளியை நிரப்புவதிலும் அதுதான் கெட்டி. ஆனால் தண்டு முறிந்த பிறகு குழலுக்குள் இறுகிய மரத்தையும் எப்பாக்ஸியையும் வெளியே எடுக்க அதிகச் சூடு தேவைப்படும், அந்தச் சூடு முனையின் கடினத்தைக் குறைக்கக் கூடும். வால் முனைகளுக்கு எப்பாக்ஸி சரி, குழல் முனைகளுக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

பசை போட்டு ஏற்றுதல்

முனையின் கூர்ப் பகுதியைக் குறடால் பிடியுங்கள். குறடு அங்கே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெழுகுவர்த்தியோ சிறு ஸ்பிரிட் விளக்கோ போதும், கேஸ் பர்னர் வேண்டாம். குழல் பகுதியை மட்டும் சுடரில் காட்டித் திருப்பிக்கொண்டே இருங்கள். கடினப்படுத்திய எஃகு 220 பாகை செல்சியஸுக்கு மேல் போகும்போது மஞ்சள் நிறம் காட்டும், 300ஐ நெருங்கினால் நீலமாகும். நிறம் மாறத் தொடங்கினாலே எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். பசைக்கு அதில் பாதிச் சூடே போதும்; பசைக் குச்சி குழலைத் தொட்டவுடன் ஒழுகினால் சரியான சூடு.

கூம்பின் மேல் பசையை மெல்லிதாகப் பூசி, குழலுக்குள்ளும் ஒரு துளி விட்டு, முனையைத் திருகிக்கொண்டே ஏற்றுங்கள். பென்சில் கோடுகள் சேர்ந்ததும் தண்டின் பின்நுனியைப் பிடித்து, முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றி அழுத்துங்கள். மடிப்பு உள்ள குழலில் அடைபட்ட காற்று அந்த இடுக்கு வழியாக வெளியேறிவிடும். இடுக்கே இல்லாமல் பற்றவைத்து மூடிய குழலில் அது முடியாது. சூட்டில் விரிந்த காற்று முனையை மெல்ல வெளியே தள்ளும். அப்படிப்பட்ட முனைகளுக்குக் கூம்பின் மேல் ஊசியால் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு கீறி வைத்தால் காற்றுக்கு வழி கிடைக்கும். நீளவாக்குக் கீறல் நார்களை அறுக்காது.

பசை இளகியிருக்கும்போதே மீண்டும் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். சாய்ந்திருந்தால் சற்றுத் திருப்பி நேராக்க இதுதான் கடைசி வாய்ப்பு. வெளியே வழிந்த பசையை ஆறிய பிறகு கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள்.

சில குழல்களில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஆணி அடித்தால் முனை கழலாது என்று நினைப்பது இயல்பு. 9 மில்லிமீட்டர் தண்டில், அதுவும் கூம்பாகச் சீவி மெலிந்த இடத்தில் ஆணி அடிப்பது மரத்தின் வலிமையை அங்கே குறைப்பதாகும். துளையை நிரப்பியே தீர வேண்டும் என்றால், ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு முதலில் துளையிட்டு, பிறகு செருகி, இருபுறமும் ராவிவிடுங்கள்.

வால் முனையும் தகட்டு முனையும்

அரிவாளுக்கோ உளிக்கோ வாலைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்குவது நம் பட்டறைகளின் வழக்கம். அம்புத் தண்டில் அதை அப்படியே செய்ய வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் வாலைச் சுற்றி இருப்பதே சொற்ப மரம். அதில் ஒரு பகுதி கரியாகிவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். துளையிடுவதே நல்லது. தண்டின் நுனியில் நூலை இறுக்கமாகத் தற்காலிகமாகச் சுற்றிவிட்டு, மையத்தில் குத்தூசியால் குறி வைத்து, 3.5 மில்லிமீட்டர் துளையை வாலின் நீளத்தைவிடச் சற்று ஆழமாக இடுங்கள். 9 மில்லிமீட்டர் தண்டில் சுற்றிலும் 2.75 மில்லிமீட்டர் மரம் மிஞ்சும். வால் துளைக்குள் கையாலேயே இறங்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்க வேண்டியிருந்தால் துளை சிறியது.

வாலுக்கும் கூருக்கும் இடையே உள்ள தோள் தண்டின் முகத்தில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். அடியைத் தாங்குவது இந்தத் தோள்தான். ஒருபக்கம் இடைவெளி தெரிந்தால் முழு அடியும் மறுபக்கத்தில் விழுந்து மரம் பிளக்கும். ஆகவே தண்டின் முகத்தை மட்டத்துக்கு உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யுங்கள். தோளே இல்லாத வால் முனை என்றால், மெல்லிய பித்தளைக் குழாயில் வெட்டிய பூண் ஒன்றைத் தண்டின் நுனியில் ஏற்றிவிட்டுப் பிறகு வாலை இறக்குங்கள்.

தகட்டு முனைக்கு நுனியை மெல்லிய ரம்பத்தால் பிளக்க வேண்டும். பிளவு ஆண்டு வளையக் கோடுகளுக்குக் குறுக்காக ஓட வேண்டும், அவற்றோடு சேர்ந்து ஓடினால் கோட்டு வழியே பிளவு நீளும். தகட்டின் அடி, பிளவின் அடியில் இறுக்கமாக உட்கார வேண்டும். பிளவின் இரு உதடுகளையும் வெளிப்பக்கம் சரிவாகச் சீவினால் கட்டு மேடாகத் துருத்தாது.

இரண்டு வகைக்கும் கட்டு அவசியம். விலங்கின் தசைநார் கிடைத்தால் அதைவிட மேலானது இல்லை; ஈரமாகச் சுற்றினால் காயும்போது சுருங்கித் தானே இறுகும், தன் பசையாலேயே ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் மெழுகிட்ட சணல் நூலோ பட்டு நூலோ நல்லது. நைலான் இழுத்தால் நீளும் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது. நூலின் ஒரு முனையைத் தண்டின் நீளவாக்கில் படுக்கவைத்து, அதன் மேலேயே, அம்பு முனையின் பக்கத்திலிருந்து பின்னோக்கி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல் 25 மில்லிமீட்டர் வரை சுற்றுங்கள். கடைசி ஏழெட்டுச் சுற்றுகளுக்கு அடியில் மடித்த தனி நூல் ஒன்றைக் கண்ணிபோல் வைத்துச் சுற்றி, நூலின் நுனியைக் கண்ணியில் கோத்து, கண்ணியை இழுத்தால் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்துவிடும். முடிச்சே தேவையில்லை. பிறகு கட்டின் மேல் மெல்லிதாக எப்பாக்ஸியோ வார்னிஷோ பூசிக் காயவிடுங்கள்.

எய்த பிறகு

முதல் சில அம்புகளை ஐந்தாறு மீட்டர் தூரத்திலிருந்து மென்மையான இலக்கில் எய்யுங்கள். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது ஒரு கையை இலக்கின் முகத்தில் ஊன்றி, மறுகையால் தண்டை இலக்கின் பக்கத்திலேயே பிடித்து, நேராக இழுக்க வேண்டும். பின்நுனியைப் பிடித்து ஆட்டினால் குழலின் வாயருகே மரம் விரியும்.

பிடுங்கியவுடன் குழலுக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டரை விரல்களால் வளைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டாலோ மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ அந்த அம்பை உடனே ஒதுக்கிவிட வேண்டும். வெடித்த தண்டை எய்வது வில்லைப் பிடித்திருக்கும் கைக்கு ஆபத்து, நாணிலிருந்து விடுபடும்போதே அது முறிந்து கையைக் குத்தக் கூடும். ஒரே கட்டு அம்புகளில் பலவும் குழலின் வாயருகிலேயே முறிந்தால் உள்விளிம்பு கூராக இருக்கிறது அல்லது எல்லைக்கோட்டில் கத்தி பட்டிருக்கிறது. முனைகள் கழன்று இலக்கில் தங்கினால் எண்ணெய் முழுதாகப் போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். சில நாட்களில் முனை ஆடத் தொடங்கினால் கரிச் சோதனையை அவசரமாக முடித்திருக்கிறீர்கள், அல்லது மரம் காயவில்லை.

தண்டு முறிந்ததும், குழலில் சிக்கிய மரத்துண்டின் நடுவில் ஒரு சிறு திருகாணியை இரண்டு திருகு ஏற்றி, குறடால் திருகாணியைப் பிடித்துக்கொண்டு, குழலைச் சுடரில் காட்டுங்கள். பசை இளகியதும் துண்டு முழுசாக வந்துவிடும். குழலைத் துடைத்து, துளி எண்ணெய் தடவி, அதன் எண்ணோடு எடுத்து வையுங்கள். அடுத்த தண்டைச் சீவும்போது அந்தப் பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அளவு பார்க்க அதுவே போதும், கரிச் சோதனை பாதியாகக் குறையும்.